சமமான இரண்டு தோள்கள்

அத்தியாயம் ஐந்து

விசில் டீச்சர் வீட்டு மாடிப்படியில் யாராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஏறினால், கீழே ஆல்ட்டரேஷன் கடையில் தையல் மிஷின் நின்றுவிடும். டெய்லருக்குக் காது அப்படி. வெட்டிய பேன்ட்டை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் தொங்கும் டேப்போடு பின்னாலேயே ஏறிவிடுவார். துப்பறிய உதவி செய்கிறாராம். ஒரு மாதமாகப் பேன்ட்டுக்கு அலைகிறவர்கள் அதை வேறு விதமாகச் சொல்வார்கள். நமக்கெதற்கு அந்தப் பொல்லாப்பு.

அன்று காலை பதினொரு மணிக்கு ஏறியவள் கிரிக்கெட் கிளப்பின் பிசியோ. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சாயந்திரம் நான்கு மணிக்குக் கமிட்டி கூடுகிறது. அவளை வேலையைவிட்டு அனுப்புவதோடு நிற்கப்போவதில்லை. இனி எந்த மைதானத்திலும் அவள் ஒருவர் தோளையும் தொடக்கூடாதென்று எழுதியும் கொடுக்கப்போகிறது.

விஷயம் தெருவுக்கே தெரியும். கிளப்பின் வேகப்பந்து வீச்சாளன், எல்லோரும் 'நெட்டை' என்று கூப்பிடுகிறவன், தேர்வாளர்கள் பார்க்க வந்த மேட்சில் தன் மூன்றாவது ஓவரில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உள்ளே தசைநார் கிழிந்துவிட்டது. இனிமேல் தலை வாரிக்கொள்ளலாம், கதவைத் திறக்கலாம், பந்து மட்டும் வீச முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயது இருபத்திரண்டு. மேட்சுக்கு முந்தின நாள் அவன் தோளை அளந்து, 'விளையாடத் தகுதி' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் இந்தப் பெண்.

"நான் பொய் எழுதலை டீச்சர்," என்றாள்.

"நீ எழுதவே இல்லையேம்மா," என்றாள் விசில் டீச்சர், கையிலிருந்த ஜெராக்ஸைப் பார்த்தபடி. இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறாமல் கழுத்திலேயே கிடந்தது. கமிட்டிக் காரியதரிசி அவளுடைய பழைய மாணவர். டீச்சர் ஒரு தடவை முறைத்ததில் நெட்டையின் ஃபைல் முழுவதும் ஜெராக்ஸாகி வந்துவிட்டது. "கையெழுத்துதான் உன்னுது. எண்கள் வேற ஆள் எழுத்து."

"நான் அளந்து சத்தமாச் சொல்லுவேன். பக்கத்துல உட்கார்ந்து ஸ்கோரர் அங்கிள் எழுதுவாரு. ரஃபா குறிச்சுக்கிட்டு, அப்புறம் தாள்ல சுத்தமா ஏத்துவாரு."

"ஸ்கோரர்னா, நெட்டையோட அப்பாதானே?" என்றார் டெய்லர். "அவரை விடுங்க. அந்த மனுஷன் முப்பது வருஷத்துல ஒரு பந்தைக்கூட விட்டு எழுதினதில்லை. சொந்தக் கல்யாணத்துல தாலி கட்டினப்பவே மூணு முடிச்சையும் எண்ணிச் சரிபார்த்திருப்பாரு. அதோட, பெத்த அப்பன் எவனாவது மகன் தோளை உடைப்பானா?"

டீச்சர் மேஜையைக் காலி செய்தாள். "டெய்லரே, மேஜை மேல படுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"இன்னும் உயிர் இருக்கான்னு பார்க்கத்தான்."

டெய்லர் படுத்தார். பிசியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கினாள். முன்கை கூரையைப் பார்த்து நின்றது. "இதைத் தலைப்பக்கம் சாய்ச்சா, எவ்வளவு போகுதோ அது பின்சுழற்சி. இடுப்புப் பக்கம் சாய்ச்சா முன்சுழற்சி. ரெண்டு கைக்கும் பார்ப்போம். சின்ன வயசுல இருந்து பந்து வீசுறவங்களுக்கு, வீசுற கை பின்னால நிறையச் சாயும், முன்னால கம்மியாத்தான் வரும். எலும்பே அப்படித் திரும்பி வளர்ந்திருக்கும். முன்சுழற்சி ரொம்பக் குறைஞ்சு, நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா ஆபத்து. உடனே நிறுத்திடணும்."

"எனக்கு?" என்றார் டெய்லர் படுத்தபடியே.

"உங்களுக்கு ரெண்டு கையும் ஒரே மாதிரிதான் அண்ணே."

"அப்ப இந்திய அணி, வேற ஏதாவது அணி, எதுலயும் நமக்கு இடமில்லை."

டீச்சர் ஜெராக்ஸை அவள் முன்னால் நகர்த்தினாள். "கமிட்டி உனக்கு இதைக் காட்டினாங்களா?"

"இல்லை. கீழ இருக்கிற என் கையெழுத்தை மட்டும்தான் காட்டினாங்க."

"இப்பப் பாரு. போன வருஷத் தாள். வலது கை, பின்னால நூத்திப் பன்னெண்டு, முன்னால நாப்பத்தெட்டு. இடது கை, தொண்ணூத்திரண்டு, அறுபத்தாறு. சரியா? இது நீ அளந்த நாள். இடது கை தொண்ணூத்திரண்டு, அறுபத்தாறு. வலது கை?"

பிசியோ பார்த்தாள். முகம் வெளுத்தது. "தொண்ணூத்திரண்டு... அறுபத்தாறு."

"நல்ல தோள். குறையே சொல்ல முடியாது. அதுதான் இதுல குறை. ஒரு வருஷத்துல அவன் வலது தோள் இடது தோளா மாறிடுச்சா?"

"இது நான் சொன்ன அளவே இல்லை டீச்சர்! இப்படி ஒரு பௌலர் இருக்கவே முடியாது." பிறகு அவள் குரல் இறங்கியது. "அன்னிக்கு இருபத்தாறு பேரை அளந்தேன். அளக்கும்போதே மூணு பேருக்கு முப்பது சொச்சம் வந்த மாதிரி ஞாபகம். சாயந்திரம் கையெழுத்துப் போடும்போது, நாப்பதுக்குக் கீழ யார்னு முன்சுழற்சிக் கட்டத்தை மட்டும் வரிசையாப் பார்த்தேன். ரெண்டு பேர்தான் இருந்தாங்க. எனக்குத்தான் தப்பா ஞாபகம்னு நினைச்சுட்டேன்."

டீச்சர் ஜெராக்ஸில் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

டெய்லர் மேஜையிலிருந்து இறங்கி ஜெராக்ஸை மூக்கருகே வைத்துப் பார்த்தார். "ஓரத்துல ரெண்டு இடத்துல என்னமோ இருக்கே. மிஷினுக்குள்ள கொசு செத்துக் கிடந்திருக்கு போல."

வலதுகை வரிசைக்குக் கீழே ஒன்று, இடதுகை வரிசைக்குக் கீழே ஒன்று. இரண்டும் மங்கலாக, இரண்டும் ஒரே சாய்வில்.

"ஒரே மாதிரி சாகுற ரெண்டு கொசுவை நான் பார்த்ததில்லை," என்று டீச்சர் செருப்பை மாட்டினாள்.

*

கிளப்பில் சந்தேகப்படத் தோதான ஆள் கோச்தான். குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. தாள்கள் ராத்திரி முழுவதும் இருந்தது அவருடைய அலமாரியில். நெட்டை இல்லாமல் அந்த மேட்ச் தேறாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவரே. வலைப்பயிற்சி நடக்கும் இடத்தில் வைத்து டெய்லர் அவரை நேராகவே கேட்டுவிட்டார். டெய்லருக்கு நாக்கில் பிரேக் கிடையாது.

கோச் கத்தவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது. ஜெராக்ஸை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"முதுகு அரிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று டெய்லரைக் கேட்டார்.

"சொறிவேன்."

"எங்க, ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி சொறிஞ்சு காட்டுங்க."

டெய்லர் காட்டினார். இரண்டு கட்டைவிரலும் முதுகில் ஒரே உயரத்துக்கு வந்தன. கோச் திரும்பி நின்று தன் இடது கையைப் பின்னால் மடித்தார். விரல் தோள்பட்டை எலும்பைத் தொட்டது. வலது கையை மடித்தார். அது இடுப்புப் பட்டையிலேயே நின்றுவிட்டது. எட்டி எட்டிப் பார்த்தும் மேலே ஏறவில்லை.

"பதினாறு வருஷம் பந்து போட்ட கை. முதுகு அரிச்சா இந்தப் பக்கம் என் வீட்டுக்காரிதான் சொறிஞ்சு விடணும். சண்டை போட்ட அன்னிக்குச் சுவத்துல தேய்ச்சுக்குவேன். எனக்கு மட்டும் இல்லை, பந்து போடுற எல்லாருக்கும் இதே கதைதான். நான் பொய் எழுதணும்னா நூத்திப்பத்து, நாப்பத்தஞ்சுன்னு நம்புற மாதிரி எழுதியிருப்பேன். இப்படி ரெண்டு தோளையும் ஜோடிச் செருப்பு மாதிரியா எழுதுவேன்?"

டீச்சர் தலையாட்டினாள். "நீங்க இல்லை. எழுதினது பந்தே போடாத ஆள். ஆனா, நெட்டை நல்லா இருக்கணும்னு ரொம்ப ஆசைப்பட்ட ஆள்."

"நல்லா இருக்கணும்னா?"

"கெட்ட எண்ணத்துல எழுதினவன் எதையாவது கிறுக்கியிருப்பான். இவன் தன்னால முடிஞ்ச நல்ல தோளாப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கான்."

கோச் எதையோ யோசித்தவர் போல் தரையைப் பார்த்தார். "அந்தப் பையன் மூணாவது ஓவருக்கு ஓடி வரும்போதே பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தான். என்னடான்னு கேட்டேன். ஒண்ணுமில்லை கோச்ன்னான். தாள்ல தகுதின்னு இருந்துச்சு. நானும் விட்டுட்டேன்." தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு வலைப்பக்கம் போய்விட்டார்.

ஸ்கோரரின் அறை மைதானத்தைப் பார்த்த ஒரு கூண்டு. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பைனாகுலர். அலமாரியில் முப்பது வருஷத்து ஸ்கோர் புத்தகங்கள், முதுகில் தேதி ஒட்டி. ஆள் பத்து நாளாக ஆஸ்பத்திரியில் மகன் பக்கத்தில் இருந்தார். டீச்சர் ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தாள். ஒவ்வொரு பந்து வீச்சாளனுக்கும் ஒரு நிற மை. நெட்டைக்குப் பச்சை.

"என்ன சுத்தம் பாருங்க டீச்சர். நான் கொடுக்கிற பில்லு இப்படி இருந்தா என் பொண்டாட்டியே என்னை மதிப்பா," என்றார் டெய்லர். "இது என்ன, ஒரு இடத்துல மட்டும் கோடு போட்டு அடிச்சிருக்கு? பக்கத்துல ரெண்டு கையெழுத்து?"

"திருத்தம். ஸ்கோர் புத்தகத்துல அழிக்கக்கூடாது. ஒரே கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல சரியானதை எழுதி, ரெண்டு தரப்பு ஸ்கோரரும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் மட்டும் போட்டா அந்தத் திருத்தம் செல்லாது."

சொல்லிக்கொண்டே பக்கத்தின் அடிக்கு வந்தவள் அங்கேயே நின்றாள். இடப்பக்கம் மட்டையாளர்கள் எடுத்த ரன்களின் கூட்டல். வலப்பக்கம் பந்து வீச்சாளர்கள் கொடுத்த ரன்களின் கூட்டல். இரண்டும் ஒத்துப்போனால்தான் புத்தகம் சரி. ஒத்துப்போயிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் ஒரு சின்ன டிக். இரண்டும் மங்கலாக, இரண்டும் ஒரே சாய்வில்.

டீச்சர் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதிலும் இருந்தது. அதற்கடுத்த பக்கத்திலும்.

டெய்லர் ஜெராக்ஸை எடுத்து ஸ்கோர் புத்தகத்தின் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கையின் இரண்டு அளவையும் கூட்டினார். வலது கை, நூற்றைம்பத்தெட்டு. இடது கை, நூற்றைம்பத்தெட்டு. டிக். டிக்.

"டீச்சர்," என்றார் டெய்லர். "நான் காலைல ஒண்ணு சொன்னேனே. பெத்த அப்பன் எவனாவதுன்னு..."

"சொன்னீங்க."

"அதைத் திரும்ப எடுத்துக்க முடியுமா?"

மணி இரண்டேகால்.

*

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். நெட்டையின் கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வலது கை நெஞ்சோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் ஸ்கோரர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுளையிலும் நார் எடுத்து, தட்டில் வரிசையாக அடுக்கி, உதடு அசைய எண்ணினார். சட்டைப் பையில் நான்கு நிறப் பேனாவும் ஒரு சின்ன நோட்டும் இருந்தன.

டீச்சர் தான் யார், யாருக்காக வந்திருக்கிறாள் என்று சொன்னாள்.

"அந்த அக்கா மேல எனக்குக் கோபம் இல்லைங்க," என்றான் நெட்டை. "தோளை அளக்கிற மிஷின் காட்டினதைத்தானே சொன்னாங்க. தப்பு என்னோடதுதான்."

"உன்னோட தப்பா?"

"ரெண்டு வாரமாவே தலைக்கு மேல கை போகலை. சட்டையை இடது கையாலதான் மாட்டினேன். அவங்க என் கையை முன்னால சாய்ச்சப்போ உயிரே போயிடுச்சு. வலிக்குதான்னு கேட்டாங்க. இல்லைன்னுட்டேன். நானா சொன்னா நல்லா இருக்காது, மிஷினே சொல்லட்டும், எப்படியும் உட்காரவெச்சிடுவாங்கன்னு இருந்தேன். சாயந்திரம் பார்த்தா தகுதின்னு போட்டிருக்கு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அப்பதான் புரிஞ்சுது, தோள்ல ஒண்ணும் இல்லை, தேர்வாளர் வர்றாங்கன்னு எனக்குப் பயம், அந்தப் பயம்தான் வலி மாதிரி தெரியுதுன்னு. கடைசிப் பந்து வரைக்கும் என்னை நானே கோழை, கோழைன்னு திட்டிக்கிட்டேதான் ஓடினேன்."

ஸ்கோரரின் கையில் ஒரு சுளை அப்படியே நின்றது. அதை அவர் அடுக்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்றாள் டீச்சர்.

நடைபாதையில் அவர் சுவரோரம் நின்றார். டீச்சர் ஒன்றும் குற்றம் சாட்டவில்லை. "ரஃப் நோட்டைப் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் மறுக்கவில்லை. பத்து நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். காதில் விழுந்ததை எழுதாமல் விட அந்தக் கைக்குத் தெரியாது. பச்சை மையில் இருந்தது. வலது, நூற்றுப் பத்தொன்பது, முப்பத்தொன்று. இடது, தொண்ணூற்றிரண்டு, அறுபத்தாறு.

"அதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கு முப்பது சொச்சம் வந்தப்போ அந்தப் பொண்ணு 'ப்ச்'னு சொல்லிச்சு," என்றார். "இவனுக்கும் அதே 'ப்ச்' வந்துச்சு. எனக்குப் புரிஞ்சு போச்சு. அடுத்த வருஷம் இவனுக்கு வயசு வரம்பு தாண்டிடும் டீச்சர். தேர்வாளருங்க வர்றது இந்த ஒரு நாள்தான். தாள்ல ஏத்தும்போது இடது கை அளவையே வலது கைக்கும் எழுதிட்டேன்."

"ஏன் ரெண்டும் சமமா?"

"நல்ல தோள்னா ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கணும்? ரெண்டு பக்கமும் ஒத்துப்போகலைன்னா அது தப்புப் புத்தகம் ஆச்சே."

"பந்து வீசுறவன் தோள் என்னிக்குமே ஒத்துப்போகாதுய்யா."

அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு நம்பினார். அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் முகம் போன போக்கைச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

"முப்பது வருஷமா பார்த்திருக்கேனே," என்றார். "பந்தைத்தான் பார்த்திருக்கேன். கையைப் பார்க்கலை."

டெய்லர் தொண்டையைச் செருமினார். ஸ்கோரர் அவரைப் பார்த்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். "நாப்பத்தோராயிரத்து முந்நூத்தி எண்பத்திரண்டு பந்து. ஒம்பது வயசுல இருந்து ஒவ்வொண்ணும் நான் எழுதினது. இத்தனை தாங்கின தோள் இன்னும் ஒரு அறுபது பந்து தாங்காதான்னு நினைச்சேன். முடிச்சிட்டு ஆறு மாசம் உட்காரவெச்சிடலாம்னு." மூச்சு வாங்கினார். "பதினேழு தாங்கிச்சு."

மணி இரண்டு ஐம்பது.

"நோட்டை எடுத்துட்டுப் போங்க டீச்சர். கமிட்டியில எல்லாத்தையும் சொல்லுங்க. அந்தப் பொண்ணு பாவம். இவன்கிட்ட மட்டும் வேண்டாம்."

"ரஃப் நோட்டு போதும், அந்தப் பொண்ணு பிழைச்சுக்குவா," என்றாள் டீச்சர். "உள்ள இருக்கிறவன்? இனிமே பந்து இல்லை. அவனுக்கு மிச்சம் இருக்கிறது அவனேதான். அவன் தன்னைக் கோழைன்னு நினைச்சுக்கிட்டே நாப்பது, அம்பது வருஷம் இருக்கணுமா?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"உங்க புத்தகத்துல ஒரு திருத்தத்துக்கு எத்தனை கையெழுத்து?"

"ரெண்டு," என்றார்.

ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவுக் கண்ணாடி வழியே இரண்டு பேரும் பார்த்தார்கள். எட்டிப் பார்ப்பது தப்புதான். பார்க்காமல் இருந்தால் அது அதைவிடத் தப்பாக இருந்திருக்கும்.

ஸ்கோரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தின் மேல் தாளை வைத்து, வலதுகை எண்களின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். பேனாவைப் பச்சைக்குத் திருப்பி, பக்கத்தில் சரியானதை எழுதினார். தன் கையெழுத்தைப் போட்டார். மகனிடம் தாளை நீட்டினார். என்னமோ சொன்னார், உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

நெட்டை படித்தான். திரும்பப் படித்தான். அவன் குரல் கதவைத் தாண்டி வந்தது.

"அப்ப எனக்கு நிஜமாத்தான் வலிச்சுதாப்பா?"

அப்பா தலையை ஆட்டினார்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஸ்கோரர் தாளை நீட்டியபடியே இருந்தார். மூன்று மணி ஐந்து நிமிஷம். மூன்று பத்து. வாய் ஓயாத டெய்லர், டேப்பின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

மூன்று பதினாறுக்குப் போர்வைக்குள்ளிருந்து நெட்டையின் இடது கை வெளியே வந்தது. அப்பா பேனாவை அதில் வைத்து, தாள் நகராமல் பிடித்துக்கொண்டார். அந்தக் கை அதுவரை எழுதியதில்லை. ஐந்து எழுத்துக் கையெழுத்துக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. மையில் விழுந்த எறும்பு கரையேறியதுபோல் இருந்தது.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். அப்பா எடுத்து நீட்டிய சுளையை வாங்கவில்லை.

*

நான்கு மணிக்குக் கமிட்டி அறையில் ஸ்கோரரே நின்று எல்லாவற்றையும் சொன்னார். டீச்சருக்கு வேலை வைக்கவில்லை. பிசியோ பச்சை எண்களைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தப்பித்த சந்தோஷம் எதுவும் அவள் முகத்தில் இல்லை. "மூணு பேர்தான்," என்று தனக்குத்தானே சொன்னாள். "எனக்கு மூணுன்னு சரியாத்தான் ஞாபகம் இருந்திருக்கு."

காரியதரிசி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளில் விரல் வைத்துக் கூட்டினார். வலது, நூற்றைம்பது. இடது, நூற்றைம்பத்தெட்டு.

"என்ன ஸ்கோரரே, ரெண்டு பக்கமும் ஒத்துப்போகலையே?"

"ஆமா சார்," என்றார் ஸ்கோரர். "இதுதான் சரி."